சாரின் வகுப்பு நோட்டுகள்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன் நான். எங்கள் சார் போன ஐப்பசியில் மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 41. பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவேந்தல் நடத்துகிறோம். படத்திறப்பு, மலர் வெளியீடு, முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு ஆண்டுதோறும் பரிசு என்று திட்டம். மலருக்கு ‘கொங்கு நாட்டு ராமானுஜன்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ராமானுஜன் பிறந்ததும் நம் ஈரோட்டில்தானே, இருவருமே இளவயதில் போனவர்கள். மலரில் என்னென்ன சேர்க்கலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நான் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். படித்த கணிதம் எதுவும் வேலைக்கு உதவவில்லை. சார் எனக்காகப் பட்ட பாடெல்லாம் வீண்தானா என்ற உறுத்தல் அவர் போன பிறகு அதிகமாகிவிட்டது. தமிழில் கற்பித்திருந்தால் நாங்களும் மேலே போயிருப்போமோ என்றும் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள தம்பி,

41 சாகிற வயதில்லை. அவர் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். முதலில் நாலு பேர் அந்த வீட்டுக்குப் போய் என்ன தேவை என்று கேளுங்கள். மலரெல்லாம் அதற்கப்புறம்.

தமிழில் கற்பிப்பதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேச முடியாது. உங்கள் சார் போர்டில் எழுதியது ஆங்கிலமாக இருக்கும், விளக்கியது கோபித் தமிழாகத்தான் இருந்திருக்கும். அதுவே பெரிய விஷயம்.

மலரின் பெயரை மாற்றுங்கள். கோபமாகவே சொல்கிறேன். ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் பிறந்தார், அவ்வளவுதான். வளர்ந்தது, படித்தது, கல்லூரியில் தோற்றது எல்லாம் கும்பகோணம். அவரை நம்ம ஊர்க்காரராக்கி, அந்தப் பட்டத்தை ஒரு வாத்தியார் தலையில் வைத்தால் வாத்தியார் உயரமாட்டார். அவர் என்ன செய்தார் என்பதுதான் மறைந்து போகும். 32 வயதில் இறந்தவரும் 41 வயதில் இறந்தவரும் சின்ன வயதில் போனார்கள் என்பது ஒற்றுமையே இல்லை தம்பி. நம் ஊர் மில் ரோட்டில் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

ராமானுஜன் பேச்சை எடுத்ததால் ஒன்று சொல்கிறேன். காகிதம் வாங்கக் காசில்லாமல் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழிப்பார். கடைசியில் வந்த முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அவர் நோட்டுகளில் முடிவுகள் உண்டு, நிரூபணங்கள் அநேகமாக இல்லை. கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. ஒரு கல்லூரி ஆசிரியரின் கதை இதற்கு நேர் எதிர். அவர் சொல்லித்தருகிற முடிவுகள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர அவர் காட்டுகிற வழிதான் அவருடையது. அது போர்டில் இருக்கும், மணியடித்ததும் டஸ்டரில் போய்விடும். மிச்சம் இருப்பது மாணவர்களின் நோட்டில் மட்டும்.

நான் கொஞ்ச நாளாகவே இதை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது.

எங்கள் கணக்கு சார் நாங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போனார். நாற்பது ஆகவில்லை. அவர் நடத்திய காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் என்ற கணிதப் பாடம் பாதியில் நின்றது. வேறொருவர் வந்து மீதியை வாசித்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம். எங்கள் சாரிடம் அப்படி எழுத முடியாது. “பேனாவ மூடுங்க கண்ணு. மொதல்ல பாருங்க” என்பார். நிரூபணம் முடிந்ததும் போர்டை முழுசாக அழித்துவிட்டு, “இப்ப எழுதுங்க” என்பார். பார்த்ததை நினைவில் வைத்து அவரவர் வழியில் எழுத வேண்டும். பெஞ்சு பெஞ்சாக வந்து, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் காரணமில்லாமல் தாவியிருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவார். வேறொன்றும் எழுதமாட்டார்.

ஒருநாள் போர்டில் 1 + 1/2 + 1/3 + 1/4 என்று தொடங்கி, இப்படியே கூட்டிக்கொண்டு போனால் எங்காவது நிற்குமா என்றார். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகின்றன, நிற்கும் என்றோம். “கூட்டிப் பாருங்க” என்று ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கூட்டுத்தொகை 5ஐத் தாண்ட 83 உறுப்புகள் வேண்டும். 10ஐத் தாண்ட 12,367. எங்களுக்கு அது தெரியாது. மணியடிக்கும்வரை தசமத்தில் கூட்டினோம், 4ஐத் தொடுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. நிற்கும் என்ற எண்ணம் இன்னும் பலமானது. மறுநாள் வந்து 1/3, 1/4 இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். இரண்டும் கால் அல்லது அதற்கு மேல், ஆகவே சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகளில் எதுவும் 1/8க்குக் குறையாது, அதுவும் அரைக்கு மேல். அடுத்து எட்டு, அதற்கடுத்து பதினாறு. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போகும், எங்கே நிற்பது? வகுப்பில் யாரோ “அட சாமி” என்றார்கள்.

இந்த நிரூபணம் 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் சொன்னது. பாடநூலில் நான்கு வரிதான். அதற்கு முந்தைய நாள் நாங்கள் கூட்டிக் கூட்டிக் களைத்தது எந்தப் பாடநூலிலும் கிடையாது. அந்த நாள்தான் எங்கள் சார்.

சென்னிமலையில் தறி போட்டிருக்கும் என் வகுப்புத் தோழன் தன் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறான். சமீபத்தில் எடுத்துக் காட்டினான். பக்கம் முழுக்கத் தசமங்கள், அடித்துத் திருத்தியவை. கடைசியில் பெரிய எழுத்தில் ‘நிற்கும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான். பக்கத்தில் அந்தப் பென்சில் கேள்விக்குறி. மங்கியிருந்தது, ஆனால் அவர் கைதான்.

இப்போது உங்கள் மலருக்கு வருகிறேன். ‘எளிமையின் சிகரம்’, ‘அன்பின் உருவம்’, ‘மறைந்தும் மறையாதவர்’ என்று முப்பது கட்டுரை வரும். தடுத்துவிடுங்கள். எந்த வாத்தியார் படத்தின் கீழும் அந்த வரிகளைப் போடலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எழுதுகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சார் நடத்திய ஒரு வகுப்பு. எந்தத் தேற்றம், எப்படித் தொடங்கினார், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார், நீங்கள் சொன்ன தப்பான பதில் என்ன. நினைவில்லை என்பவர்கள் நோட்டை எடுத்துப் பார்க்கட்டும். நோட்டுகளைச் சேகரியுங்கள். ஒன்று போதாது. ஒரே பாடத்துக்கு வெவ்வேறு வருஷ நோட்டு கிடைத்தால், எதை மாற்றினார், எந்த உதாரணத்தைக் கைவிட்டார் என்பது தெரியும். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். ஓரத்தில் கிறுக்கியதையும் அடித்ததையும் விட்டுவிடாதீர்கள். அழகாகத் திருப்பி எழுதிய ஃபேர் நோட்டு எனக்கு வேண்டாம், ரஃப் நோட்டுதான் வேண்டும். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. படத்திறப்பு எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

முதல் மதிப்பெண் பரிசும் வேண்டாம். ஐந்து வருஷக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். அந்தப் பணத்தைக் குடும்பத்திடம் கொடுங்கள்.

உங்கள் உறுத்தலுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ஒரு மனிதர் உங்களை மதித்து, ஒரு வரி ஏன் அடுத்த வரியாகிறது என்று பொறுமையாகக் காட்டினார். உங்களுக்குப் புரிந்தது. அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்க்காதீர்கள், அது அவருக்குச் செய்கிற அவமரியாதை.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் நோட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. இந்த ஞாயிறு ஊருக்குப் போங்கள். அட்டாலியில் தேடுங்கள், அம்மாவிடம் கேளுங்கள். கிடைத்ததும் எழுதுங்கள்.