இடையில் இருக்கிற வன்னி

அன்புள்ள ஐயா,

கொழும்பில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் நல்லூர்த் திருவிழாவுக்கு ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணம் போய் வருகிறோம். இந்தமுறை மூன்று நாள் கூட எடுத்து, போகிற வழியில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவையும் பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கிறேன். வவுனியா தாண்டினால் காடும் வெயிலும்தான், இடையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள் நண்பர்கள். யுத்தம் நடந்த இடங்களையும் பார்க்கலாம்தானே? எங்களிடம் இருப்பது ஒரு வகன் ஆர். அது போதுமா, ஜீப் வாடகைக்கு எடுக்கவேண்டுமா? புத்தளத்தில் இருந்து வில்பத்துக்குள்ளால் மன்னாருக்குக் குறுக்குவழி இருக்கிறதாமே?

ர., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

"இடையில் ஒன்றும் இல்லை" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருடமாக ஏ9இல் போகிறீர்கள், பெயர்ப்பலகைகளை ஒருநாளாவது வாசித்ததுண்டா? புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். சற்று விலகினால் செட்டிகுளம், நெடுங்கேணி, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம். ஐப்பசியில் தொடங்கித் தை வரை விழுகிற மழையைப் பிடித்துவைத்து மிச்ச மாதங்களைக் கடத்திய சனம் வைத்த பெயர்கள் அவை. நீங்கள் அவற்றைத் தேத்தண்ணிக்கு நிறுத்தும் இடங்களாக மட்டும் அறிந்து வைத்திருக்கிறீர்கள்.

முதலில், ஓகஸ்ட்டை விடுங்கள். குளங்கள் வற்றிக் கிடக்கும், மன்னாரை அடுத்த வங்காலையில் பூநாரை இராது. ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழா. அதையொட்டிய நாட்களில் மதவாச்சி–மன்னார் வீதி நிறைந்திருக்கும், மன்னாரில் அறை கிடைப்பது கடினம். தை கடைசியில் இருந்து மாசி நடு வரை போங்கள். பெப்ரவரி 4 விடுமுறையோடு சேர்த்து நான்கு நாள் எடுக்கலாம். யாழ்ப்பாணத்தை இந்தமுறை மறந்துவிடுங்கள். அதையும் சேர்த்தால் நீங்கள் "இடையில்" என்று தாண்டிப் போகிற இந்த வன்னி மறுபடி கண்ணாடிக்கு வெளியே ஓடுகிற காடாகிவிடும்.

வில்பத்துக் குறுக்குவழியை நம்பிப் பயணம் போடாதீர்கள். அது தேசிய பூங்காவுக்குள்ளால் போகிற மண்பாதை; கலா ஓயா பெருகினால் அங்குள்ள தாழ்ந்த சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடும்.

நான் சொல்கிற வழி ஓர் ஆற்றின் வழி. அனுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று பார்க்கிறீர்களே, அதுதான் மன்னார்ப் பக்கம் வந்து அருவியாறு ஆகிறது. 164 கிலோமீட்டர் ஓடி அரிப்புக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. காலை நாலரைக்கு வெள்ளவத்தையை விட்டால் புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று மதியத்துக்குள் ஏ14இல் முருங்கனை அண்டிவிடலாம். அங்கே கட்டுக்கரைக்குளம். அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் அணைகட்டி மறித்துத்தான் இந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். வீதியே குளக்கட்டை ஒட்டிப் போகும். தொண்ணூறு வீதமானோர் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

குளத்தைப் பார்ப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கவேண்டும், நீங்களே சொல்லுங்கள். குளக்கட்டில் ஏறி நடுவில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் கால்மட்டத்துக்குக் கிட்டத் தண்ணீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்து வயல். அந்த உயர வித்தியாசம்தான் முழு வேலையும் செய்கிறது, மோட்டர் இல்லை. பிறகு துருசைத் தேடுங்கள், கட்டுக்கு அடியால் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற மடை அது. பிறகு வான், குளம் கொள்ளாததை வழியவிடுகிற இடம். மேல்குளத்தின் வானால் பாய்ந்தது கீழ்க்குளத்துக்கு வரவு. மேலே ஒரு சின்னக்குளம் உடைத்தால் கீழே உள்ளதும் ஆபத்தில். வன்னியில் மழைக்காலத்தில் ஆட்கள் முதலில் விசாரிப்பது "குளம் எத்தனை அடி?" என்றுதான்.

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உள்ள இரணைமடுவில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கிய குளம். வான்கதவுகள், அடி குறித்த அளவுகோல், வலதுகரை இடதுகரை வாய்க்கால்கள் எல்லாம் கண்முன்னால் இருக்கும். 2018 டிசம்பரில் இந்தக் கதவுகளைத் திறந்தபோது கீழே கிளிநொச்சியில் வெள்ளம் என்ன செய்தது என்று அங்கே யாரையும் கேளுங்கள், சொல்வார்கள். மிஞ்சுவது சுண்டிக்குளத்துக் கடல்நீரேரிக்குப் போகிறது.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: குளத்தில் இறங்காதீர்கள். துருசு திறந்திருந்தால் மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும், அடியில் இழுக்கும். முதலையும் உண்டு. வான்கட்டில் பாசி, செருப்புக் காலோடு படம் எடுக்க நின்றவர்கள் வழுக்கி விழுவது வழமை. மழை பெய்து இரண்டு நாளுக்குள் காரைக் குளக்கட்டில் ஏற்றவே வேண்டாம். கிரவல் இளகியிருக்கும், எதிரே உழவு இயந்திரம் வந்தால் பின்னோக்கித்தான் வரவேண்டும்.

மன்னாரில் இரண்டு இரவு, கிளிநொச்சியில் ஒரு இரவு. தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பது பிள்ளைகளைத்தான் வதைக்கும். இரண்டாம் நாள் விடியவே வங்காலை; வெயில் ஏறினால் பூநாரைகள் கானலில் கரைந்துவிடும். பிறகு திருக்கேதீச்சரம் கோயிலும் பாலாவித் தீர்த்தமும், மாலையில் அரிப்பு, ஆறு முடிகிற இடம். பள்ளிமுனைப் பெருக்கமரம், கோட்டை இரண்டையும் இடையில் சொருகிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் மன்னாரில் ரேங்கை நிரப்பி ஏ32இல் வடக்கே. பூநகரிக்கு வந்ததும் சங்குப்பிட்டிப் பாலம் யாழ்ப்பாணத்துக்கு இழுக்கும். இழுக்கட்டும். நீங்கள் பரந்தன் பக்கம் திரும்புங்கள்.

நான்காம் நாள் ஏ35. யுத்தம் நடந்த இடங்களைப் "பார்க்கலாம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, அந்தச் சொல்லை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வட்டுவாகல் பாலத்தால் 2009 மே மாதம் பெருந்தொகைச் சனம் நடந்து வந்தது, பலர் வரவில்லை. ஒடுங்கின பாலம் அது. எதிரே வாகனம் ஏறியிருந்தால் கரையில் நின்று வழிவிடுங்கள். இறங்கிப் படம் எடுக்கவேண்டாம். பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள், மெதுவாக, காருக்குள் இருந்தே. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அது கண்ணிவெடி எச்சரிக்கை; சிறுநீர் கழிக்கவும் பற்றைக்குள் இறங்கக்கூடாது. முல்லைத்தீவில் இருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக ஏ9இல் ஏறி வீடு.

தை, மாசி அறுவடைக் காலம். வீதியின் பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல்லோ கிளையோ வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றினால் அவர்களுக்கு நட்டம், உங்கள் ரயருக்குப் பிடிப்பு இராது. வைக்கோல் அடியில் சிக்கினால் உடனே நிறுத்தி இழுத்துப்போடுங்கள். சைலன்சர்ச் சூட்டில் பற்றிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் மாடுகள் சூடான தாரில் வந்து படுக்கும். கருத்த மாடு பத்து மீற்றருக்குள் வந்தபிறகுதான் தெரியும். காட்டோரத்தில் யானை. ஆதலால் வன்னிக்குள் ஆறு மணிக்குப் பிறகு ஓட்டமே வேண்டாம், நான்காம் நாளில் இருட்டுமுன் மதவாச்சியைத் தாண்டிவிடுங்கள்.

வாகனம் கேட்டீர்கள் அல்லவா? வகன் ஆர் போதும். புறப்படுமுன் மாற்றுச்சில்லுக்குக் காற்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.