ஒப்பிக்கிறான், ஆனால் எழுத்து தெரியவில்லை

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. தமிழ் உயிரெழுத்துகளையும் ஆங்கில எழுத்துகளையும் தடங்கலின்றி ஒப்பிக்கிறான். ஆனால் நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால் விழிக்கிறான். இல்லாவிட்டால் ‘அ’விலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து விடை சொல்கிறான். எழுதச் சொன்னால் நான்கு எழுத்துக்குள் கை வலிக்கிறது என்று அழுகிறான். சில எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பிப் போடுகிறான். இடக்கையால் எழுதுவதை மாற்ற வேண்டுமா என்ற குழப்பமும் இருக்கிறது. அவனோடு படிக்கும் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. — ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஒப்பிப்பது, அடையாளம் காண்பது, எழுதுவது ஆகிய மூன்றும் தனித்தனித் திறன்கள். உங்கள் மகனிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவது இப்போதுதான் அரும்புகிறது. மூன்றாவதற்கு அவன் கை இன்னும் ஆயத்தமாகவில்லை. ‘அ’விலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வருவதை மந்தத்தின் அறிகுறியாக எண்ணிவிடாதீர்கள். மனப்பாடமான பாட்டின் நடுவிலுள்ள ஒரு சொல்லைக் கேட்டால் நாமும் முதலடியிலிருந்து பாடிப் பார்த்துத்தான் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்வோம்.

ஆகவே சில வாரங்களுக்கு வரிசையை ஒதுக்கி வையுங்கள். அவனுடைய பெயரிலுள்ள எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான குழந்தைகள் தம் பெயரின் முதலெழுத்தையே மற்றவற்றுக்கு முன்னால் கண்டுகொள்கிறார்கள். பிறகு ஒரு நேரத்தில் இரண்டு அல்லது மூன்று எழுத்துகள் போதும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் எதுவார் செகேன் வகுத்து, பின்னர் மரியா மாண்டிசோரி தம் பள்ளிகளில் கையாண்ட மூன்று படி முறை இதற்கு மிகவும் ஏற்றது. அட்டையில் பெரிதாக எழுதிய எழுத்துகளைக் காட்டி “இது ட, இது ப” என்று சொல்வது முதற்படி. “ட எங்கே? ப-வை எடுத்து என் கையில் கொடு” என்று கேட்பது இரண்டாம் படி. ஒரே அட்டையைக் காட்டி “இது என்ன?” என்று கேட்பது மூன்றாம் படி. பெற்றோர்களில் பலர் முதற்படியிலிருந்து நேராக மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார்கள். நாள் கணக்கில் நேரம் கொடுக்க வேண்டியது இரண்டாம் படிக்குத்தான், ஏனென்றால் விடையைக் கண்முன்னே வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கும்போதுதான் குழந்தை வடிவத்தை உற்றுப் பார்க்கிறது. மூன்றாம் படியில் தவறினால் திருத்த வேண்டாம். சத்தமில்லாமல் இரண்டாவதற்குத் திரும்புங்கள்.

தமிழில் எந்த எழுத்துகளை முதலில் எடுப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு: ‘அ’வில் தொடங்காதீர்கள். சுழியும் வளைவும் நெடுங்கோடும் ஒன்றாகச் சேர்ந்த ‘அ’வும், அதனினும் சிக்கலான ‘இ’யும், நான்கு வயதுக் கைக்கு எழுதக் கடினமான எழுத்துகளுள் அடங்கும். மாறாக ‘ட’வைப் பாருங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டை மீண்டும் மேலே ஏற்றினால் ‘ப’. ஏறிய கோட்டை உள்நோக்கி வளைத்து அடிக்கோட்டில் இறக்கினால் ‘ம’. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் இந்த மூன்றையும், மெய்யெழுத்துக்குரிய புள்ளியையும் அறிந்துகொண்ட குழந்தை, ‘படம்’, ‘பட்டம்’, ‘மட்டம்’ என்ற சொற்களைத் தானே கூட்டிப் படித்துவிடும். ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்ட மகிழ்ச்சிக்கு நிகரான தூண்டுதல் வேறில்லை.

தமிழெழுத்து மொத்தம் 247 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அவற்றுள் 216 உயிர்மெய்கள். துணைக்கால், கொம்பு முதலிய குறிகள் பிடிபட்டதும் அவற்றில் பெரும்பகுதி தானே வந்துவிடும். மெய்க்கு மெய் வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளையும், மெய்க்குப் பின்னால் ஒலித்தாலும் எழுத்துக்கு முன்னால் எழுதப்படும் கொம்புகளையும் மட்டும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரும் ஒலியும் வேறு வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ‘டபிள்யூ’ என்ற பெயரைக் கேட்டு அந்த எழுத்து எப்படி ஒலிக்கும் என்று எந்தக் குழந்தையாலும் ஊகிக்க முடியாது. எனவே பெயரோடு ஒலியையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். சிறிய ‘பி’யும் (b) சிறிய ‘டி’யும் (d) ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள், ஒன்று நன்றாகப் பதிந்து சில வாரங்கள் கழிந்த பிறகே மற்றதைக் காட்ட வேண்டும்.

இனி எழுதுவது. கை வலிக்கிறது என்று அவன் சொல்வது சாக்காக இராது; பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பிறக்கும்போது குருத்தெலும்பாக இருக்கும் மணிக்கட்டு எலும்புகள் கெட்டிப்படப் பல ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைகள் வட்டத்தை ஏறக்குறைய 3 வயதிலும், கூட்டல் குறியை 4 வயதிலும், முக்கோணத்தை 5 வயதை ஒட்டியும்தான் பார்த்து வரைகிறார்கள். சாய்கோடு இன்னும் கைவராத குழந்தையை, சாய்கோடுள்ள எழுத்தைப் பக்கம் நிறைய எழுத வைப்பதில் பொருளில்லை. களிமண் பிசைவது, காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது, சட்டைப் பொத்தானைத் தானே போடுவது ஆகியவை இப்போதைக்கு நோட்டுப் பயிற்சியைவிட மேலானவை. சுவரில் கரும்பலகை இருந்தால் அதில் எழுதச் சொல்லுங்கள். நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகவே சரியான நிலைக்கு வரும். முழுச் சாக்பீஸைக் கொடுக்காமல் ஒடித்த சிறு துண்டைக் கொடுங்கள். முட்டியில் மடக்கிப் பிடிக்க அதில் இடமிருக்காது என்பதால் மூன்று விரல்களால் பிடிக்கும் பழக்கம் வற்புறுத்தாமலே வரும். உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவச் செய்யலாம். இதுவும் மாண்டிசோரி வகுப்புகளில் இன்றும் புழங்கும் வழிதான்.

புள்ளிக் கோட்டின் மேல் எழுதும் பயிற்சித்தாள்களைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். 2012இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர் காரின் ஜேம்ஸ் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளைக் கையால் எழுதியும், கோட்டின் மேல் வரைந்தும், விசைப்பலகையில் தட்டியும் பழகினார்கள். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, வாசிப்புக்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே நன்றாகத் தூண்டப்பட்டன. கோணலாகவும் பெரிதும் சிறிதுமாகவும் தானே எழுதிப் பார்க்கும்போதுதான் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பது குழந்தைக்குப் புலப்படுகிறது போலும். எழுத்து அழகாக இல்லையே என்று அழித்து அழித்து எழுத வைக்காதீர்கள். கோடு எங்கே தொடங்கி எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். தவறான திசைப் பழக்கம் பின்னாளில் மாறுவது கடினம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அவன் சலிப்பதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிடுவது நல்லது.

எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரைக்கும் இயல்பே. கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று பழகிய கண், திசை மாறினால் எழுத்தே மாறிவிடும் என்ற புதிய விதியை ஏற்கச் சில ஆண்டுகள் ஆகும். இதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்பதில் ஏற்படும் கற்றல் குறைபாடு) என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் முறையாகக் கற்பித்த பிறகும் ஏழு வயதில் எழுத்தின் ஒலி நினைவில் நிற்கவில்லை என்றாலோ, குடும்பத்தில் எவருக்காவது படிப்பதில் நீண்டகாலச் சிரமம் இருந்திருந்தாலோ, குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். கண், காது பரிசோதனையை அதுவரை காத்திராமல் இப்போதே செய்துவிடலாம்.

இடக்கைப் பழக்கத்தை மாற்றவே வேண்டாம். தாளின் மேல்முனை வலப்பக்கம் சாயுமாறு திருப்பி, அவன் உடலுக்குச் சற்று இடப்பக்கமாக வையுங்கள். எழுதியதைக் கை மறைக்காதிருக்க, பென்சிலின் நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடிக்கப் பழக்குங்கள். இடக்கைக் குழந்தை பென்சிலை இழுப்பதைவிடத் தள்ளியே எழுதுவதால் கூர்நுனி தாளைக் கிழிக்கும். மென்மையான, தடித்த பென்சிலாகக் கொடுங்கள். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிபடும் தொல்லையும் இராது.