கப்பலில் கேபின் வேலை: மகனை அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் கடலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மீதியெல்லாம் கக்கூஸைப் பற்றி. ‘கேட்டரிங் டிகிரி முடித்த பையன், ஊரான் கக்கூஸைக் கழுவவா கப்பல் ஏற வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். கழுவத்தான் வேண்டும். ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது கூட. அதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போய்த் திரும்பும் ஒரு கப்பல் கரை சேரும் நாளில், காலை எட்டரைக்கும் மதியம் ஒரு மணிக்கும் நடுவில் தம்பி என்ன செய்வான் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அந்த நாளைக் கப்பல்காரர்கள் ‘டர்ன்அரவுண்ட் டே’ என்பார்கள். ஏழு நாள் பயணம் முடித்துக் கப்பல் விடிகாலையில் துறைமுகத்தில் கட்டப்படும். பழைய விருந்தினர்கள் எட்டரை, ஒன்பதுக்குள் கேபினைக் காலி செய்ய வேண்டும். புதியவர்கள் பதினொரு மணியிலிருந்தே ஏற ஆரம்பிப்பார்கள். ஒரு மணி, ஒன்றரைக்குக் கேபின்கள் தயாராகிவிட வேண்டும். மாலையில் கப்பல் மறுபடி கிளம்பிவிடும். 2024-ல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் மட்டும் 2,805 கேபின்கள். ஒருவருக்கு 18 கேபின் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 270 நிமிடம், கேபினுக்கு 15 நிமிடம். சென்னை நட்சத்திர ஓட்டலில் காலியான ரூம் ஒன்றுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி கிடைக்கும். கேபின் அளவு 150-லிருந்து 200 சதுர அடிதான் என்பது ஓர் ஆறுதல். குனிந்து நிமிர இடமில்லை என்பது அதன் மறுபக்கம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். முதல் வேலை தேடுவது. லாக்கர், இழுப்பறைகள், கட்டிலுக்கு அடி, பாத்ரூம் கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கி, பிளக்கில் தொங்கும் சார்ஜர். எது கிடைத்தாலும் கேபின் எண்ணும் நேரமும் எழுதி அப்போதே சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட வேண்டும். பொருளுக்கு உரியவர் இன்னும் டெர்மினல் வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பார். ‘வேலை முடிந்ததும் கொடுக்கலாம்’ என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டவன் கேள்வி வரும்போது திருடனாகத்தான் நிற்பான். அதற்குமேல் அந்தக் கப்பலில் வேலை இல்லை.

அடுத்து, கையுறை போட்டுக்கொண்டு பாத்ரூம் முழுக்கக் கிருமிநாசினி அடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மருந்து டப்பாவில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். சில மருந்துக்கு 5, சிலவற்றுக்கு 10. அடித்த கையோடு துடைத்தால் பளபளப்பு வரும், கிருமி சாகாது. புதிதாகச் சேர்பவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான். மருந்து வேலை செய்யும் அந்த நிமிடங்களைக் கட்டிலுக்குச் செலவழிக்கத் தெரிந்தவனுக்குத்தான் கணக்கு கட்டும்.

பெட்ஷீட்டை உதறக் கூடாது. நாலு மூலையையும் உள்பக்கமாக மடித்துச் சுருட்ட வேண்டும். உதறினால் தூசி பறக்கும். பார்க்காமல் அள்ளிப் போட்டால் உள்ளே கிடக்கும் இன்சுலின் ஊசி, கீழ்த்தளத்து லாண்டரியில் யாரோ ஒருவன் கையைக் குத்தும். பெட்ஷீட் ஒரு பை, துண்டு இன்னொரு பை; ரத்தமோ வாந்தியோ பட்டது அதற்கென்று இருக்கும் தனிப் பை. மெத்தைத் தையலோரத்தில் கசகசா தூவியது போலக் கரும்புள்ளி தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் தடயம். எதையும் தொடாமல் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். அவசரத்தில் டிராலியை அடுத்த கேபினுக்குத் தள்ளினால் பூச்சியும் கூடவே போகும்.

கட்டில் விஷயத்தில் ஓட்டலில் இல்லாத ஒரு தலைவலி கப்பலில் உண்டு. பல கேபின்களில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள்தான். தம்பதி வந்தால் சேர்த்துப் போட வேண்டும், நண்பர்கள் வந்தால் பிரிக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு ரயில் அப்பர் பர்த் மாதிரி மேலிருந்து ஒரு பர்த் இறங்கும், அல்லது சோபா கட்டிலாகும். கைக்குழந்தை என்றால் தொட்டில். யாருக்கு எது என்ற பட்டியல் கைக்கு வந்துவிடும். அதைப் பார்க்காமல் போன வாரம் இருந்தபடியே விரித்துவிட்டு, சாயங்காலம் விருந்தினரின் ஆறு பெட்டிகளுக்கு நடுவே நின்று கட்டிலைப் பிரிப்பவனுக்கு அன்று சாப்பாட்டு நேரம் போச்சு.

இப்போது பாத்ரூம். டாய்லெட்டுக்கு ஒரு நிறத் துணி, வாஷ்பேசினுக்கும் கண்ணாடிக்கும் வேறு நிறம். ஷவர் ஜாலியில் முடி, ஷவர் திரையின் அடி மடிப்பில் வழுவழுப்பு: சூப்பர்வைசர் கை முதலில் போகிற இடங்கள் இவை. கப்பல் டாய்லெட் விமானத்தில் இருப்பதைப் போலக் காற்றழுத்தத்தில் உறிஞ்சுவது. ஒருவர் நாப்கினைப் போட்டு அடைத்தால் அதே குழாயில் இருக்கும் மற்ற கேபின்களிலும் நின்றுபோகும். ஒருமுறை பட்டனை அழுத்தி, உறிஞ்சும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வர வேண்டும். பிறகு மேலிருந்து கீழாகத் தூசி துடைப்பது. சுவிட்ச், ரிமோட், போன், கதவுப்பிடி ஆகிய நாலையும் கிருமிநாசினித் துணியால். கடைசியாகக் கார்ப்பெட்டை உள்ளிருந்து வாசல் நோக்கி வாக்குவம் போட்டுக்கொண்டே வெளியேறுவது.

பால்கனி இருந்தால் கம்பியிலும் கண்ணாடியிலும் உப்பு படிந்திருக்கும். ஈரத்துணி, பிறகு உலர்துணி. இங்கே ஓர் எச்சரிக்கையைத் தம்பிக்குச் சொல்லிவையுங்கள். பால்கனிக் கதவும் காரிடார் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கடல்காற்று ஊடே புகுந்து கனமான கதவை அறைந்து மூடும். கதவோரத்தில் கை வைத்திருந்தவனின் விரல் நசுங்கிப்போகும். ஒன்றை மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும்.

கேபினில் லைஃப் ஜாக்கெட் வைக்கும் கப்பலாக இருந்தால், எத்தனை படுக்கையோ அத்தனை இருக்கிறதா, குழந்தை வந்தால் சின்ன அளவு வைத்தாயிற்றா என்று எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். மேலே தேடச் சொன்னேனே, அந்த வேலைக்கு இன்னொரு பயனும் உண்டு. அபாய அறிவிப்பு வந்தால் கேபின் கேபினாகப் போய் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் கேபின் வேலைக்காரர்களிடம்தான் வரும்.

இதெல்லாம் நல்லபடியாகப் போகும் நாள். கெட்ட நாளில் பெட்டிகளும் லினன் வண்டிகளும் ஒரே லிஃப்டுக்கு நிற்கும். பெட்ஷீட்டும் துண்டும் ஒரு செட் கட்டிலில், ஒரு செட் பேன்ட்ரி என்ற சின்ன சாமான் அறையில், ஒரு செட் லாண்டரியில் என்று மூன்று செட் சுற்றிக்கொண்டிருந்தால்தான் வண்டி ஓடும். துணி குறைந்தால் பக்கத்து ஆள் பேன்ட்ரியில் கைவைப்பதும் சண்டையும் ஆரம்பிக்கும். விவரமானவன் முந்தின நாளே எண்ணி, பத்துப் பத்தாகக் கட்டி வைத்துவிடுவான்.

சுத்தம் இங்கே வெறும் அழகுக்காக இல்லை. மூடிய கப்பலில் நோரோ வைரஸ் நுழைந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தளம் தளமாகப் பரவும். அதற்கு ஆல்கஹால் ஜெல் போதாது, சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். அமெரிக்காவுக்கு வந்துபோகும் பயணிகள் கப்பல்களை அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்கும். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் ஃபெயில். (கப்பல் வேலைக்குத் தம்பி எடுக்கவேண்டிய அடையாள ஆவணமான கடலோடிப் புத்தகத்துக்கும் சி.டி.சி. என்றே பெயர். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

ஒரு மணியோடு நாள் முடிவதில்லை. பாதுகாப்புப் பயிற்சி, பெட்டிகளைக் கேபின் வாசலில் சேர்ப்பது, ‘தலையணை மாற்றிக் கொடு’ என்ற போன்கள் என்று இரவு ஒன்பது, பத்து வரை விட்டுவிட்டு வேலை இழுக்கும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையான எம்.எல்.சி. 2006-ன் ஓய்வுக் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும். அந்தப் பத்து மணியை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணியாவது இருக்க வேண்டும். வார விடுமுறை என்று ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம் முழுக்க தினமும் வேலைதான். தூக்கம் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், அடுக்குக் கட்டிலில், இன்னொருவருடன்.

என் யோசனை இது. தம்பி இப்போதைக்கு எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்ட வேண்டாம். ஒரு பெரிய ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு வருஷம் வேலை செய்யட்டும். கப்பல் கம்பெனிகள் எப்படியும் அந்த அனுபவத்தைக் கேட்கும். பல கம்பெனிகளில் 21 வயதும் ஆகியிருக்க வேண்டும். தினம் பதினாலு ரூம் செய்துவிட்டு மறுநாள் முதுகு பிடிக்காமல் எழுந்து போகிறானா, மேலாளர் திட்டினால் முகம் சுளிக்கிறானா என்று நீங்களே பார்த்துவிடலாம். அந்த ஒரு வருஷத்தில் இங்கிலீஷ் பேச்சும் நீச்சலும் பழகட்டும். ஆட்கள் எடுக்கும்போது பல கம்பெனிகள் ‘மார்லின்ஸ்’ என்ற இங்கிலீஷ் தேர்வு வைக்கும். எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசக் கடலோடி விதிப்படி நடக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கச் சொல்வார்கள். ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியவனாக இருந்தால் பயம் இருக்காது.

ஏஜென்ட் விஷயத்தில்தான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுப்பவரிடம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. விசிட்டிங் கார்டை நம்பாமல் அங்கே தேடிப் பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்கென்று கடலோடியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது என்று உடன்படிக்கையே சொல்கிறது. ‘ரெண்டு லட்சம் கட்டுங்க, அடுத்த மாசம் மயாமி’ என்பவரிடம் ரசீது கேளுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

ஒப்பந்தத் தாளில் இரண்டு வரிகளை விரல் வைத்துப் படியுங்கள்: உறுதியான மாதச் சம்பளம் எவ்வளவு, டிப்ஸில் வருவது எவ்வளவு. ஏஜென்ட் சொல்லும் பெரிய தொகை இரண்டையும் கூட்டியதாக இருக்கும். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கும் இரண்டு மாதத்துக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. ஆகவே வங்கிக் கடன் ஏதாவது இருந்தால், அவன் ஒரு வருஷத்தில் வாங்கும் மொத்தச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்து, வரும் தொகையை வைத்துத் தவணையைக் கணக்கிடுங்கள்.

கம்பெனி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்டால் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். விமான டிக்கெட் வந்த பிறகு ஓடாதீர்கள்.