மெகாபிட்டா, மெகாபைட்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் இணைய இணைப்பின் வேகம் 100 எம்பி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால், பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போது கணினித் திரையில் விநாடிக்கு 11.3 எம்பி என்றே காட்டுகிறது. மீதி வேகம் எங்கே போகிறது?

பதில்: குழப்பத்தின் வேர் நீங்கள் எழுதியிருக்கும் 'எம்பி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பிட்டை (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) சிறிய எழுத்தாலும் (b) பைட்டைப் பெரிய எழுத்தாலும் (B) குறிப்பது வழக்கம். தமிழில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், எட்டு மடங்கு வேறுபடும் இரண்டு அலகுகளும் ஒரே 'எம்பி'யாகிவிடுகின்றன. ஆகவே தமிழில் எழுதுவோர் மெகாபிட், மெகாபைட் என்று முழுப்பெயரையே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பந்தத்தில் உள்ளது விநாடிக்கு 100 மெகாபிட். திரையில் தெரிவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட் என்பதால், 100 மெகாபிட்டை 8 ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட் கிடைக்கும். அதற்கும் திரையில் உள்ள 11.3க்கும் இடையே இன்னும் ஒரு சிறு வேறுபாடு எஞ்சுகிறது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, கோப்பு முழுவதும் ஒரே ஓட்டமாக வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. வழக்கமான ஈதர்நெட் இணைப்பில் ஒரு பொட்டலம் கம்பியில் 1,538 பைட்டுக்கான நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்றால், அதில் உங்கள் கோப்புக்கு உரியது 1,460 பைட் மட்டுமே. அனுப்புநர், பெறுநர் முகவரிகள், பிழை கண்டறியும் எண், பொட்டலங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளி முதலியவை மீதியை எடுத்துக்கொள்கின்றன. எனவே 12.5 மெகாபைட்டில் கோப்பாக வந்து சேர்வது ஏறத்தாழ 11.87 மெகாபைட். இரண்டாவது, பல மென்பொருள்கள் ஒரு மெகாபைட்டை 10,00,000 பைட்டாக அல்லாமல் 10,48,576 பைட்டாகக் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கில் 11.87 என்பது 11.3 ஆகிவிடும். உங்கள் திரையில் தெரிந்த எண் இதுவே. உங்கள் இணைப்பு முழு வேகத்தில் இயங்குகிறது. வேகம் எதுவும் காணாமல் போகவில்லை.

கேள்வி: ஒரு கிலோ என்பது 1000 ஆ, 1024 ஆ? இடத்துக்கு இடம் மாறுவது ஏன்?

பதில்: பரிமாற்ற வேகத்தைப் பொறுத்தவரை கிலோ என்றால் 1000 தான். தொலைபேசிக் குரலை எண்மமாக மாற்றும்போது விநாடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட் என்று எடுத்து, 64,000 பிட்டை 64 கிலோபிட் என்று வழங்கினார்கள். வேகத்தின் கணக்கு அன்றுமுதல் பத்தின் அடுக்கிலேயே நடந்து வருகிறது. நினைவகச் சில்லுகளோ இரண்டின் அடுக்கில் அமைவதால், அந்தத் துறையினர் 1024 ஐக் கிலோ என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

இந்த இரட்டை வழக்கைத் தீர்க்க 1998 இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 இன் அடுக்குகளுக்குக் கிபி (kibi), மெபி (mebi), ஜிபி (gibi) எனத் தனி முன்னொட்டுகளை ஏற்றுக்கொண்டது. ஆனால், விண்டோஸ் இன்றும் 1024 இன் அடுக்கில் கணக்கிட்டுவிட்டு மெகாபைட் என்ற பழைய பெயரையே காட்டுகிறது. ஆப்பிள் கணினிகள் 2009 இல் பத்தின் அடுக்குக்கு மாறிவிட்டன. கிலோவில் 2.4 விழுக்காடாக இருக்கும் வேறுபாடு மெகாவில் 4.9, கிகாவில் 7.4, டெராவில் 10 விழுக்காடு வரை வளர்ந்துவிடுவதால், இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது.

கேள்வி: 4.7 கிகாபைட் அளவுள்ள கோப்பு, விநாடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் வந்து சேர எவ்வளவு நேரமாகும்?

பதில்: கோப்பின் அளவை முதலில் பிட்டுக்கு மாற்றுங்கள். 4.7 ஐ 8 ஆல் பெருக்கினால் 37.6 கிகாபிட், அதாவது 37,600 மெகாபிட். இதை 40 ஆல் வகுத்தால் 940 விநாடி. 15 நிமிடம் 40 விநாடி. பொட்டலச் செலவுக்காக இதனுடன் ஒரு நிமிடம் வரை சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிட்டைப் பைட்டாக்க எப்போதும் 8 ஆல் வகுத்தால் போதுமா? கணினியில் சேமிப்பு வட்டை இணைக்கும் சேட்டா (SATA) இணைப்பின் வேகம் 6 கிகாபிட் என்கிறார்கள். ஆனால் அதை 600 மெகாபைட் என்றே குறிப்பிடுகிறார்கள். 750 அல்லவா வர வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. 8 ஆல் வகுப்பது தரவுக்குப் பொருந்தும். கம்பியில் ஓடும் எல்லாப் பிட்டும் தரவு அல்ல. கம்பியில் தொடர்ந்து ஒரே குறியே ஓடினால், ஒரு பிட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பெறும் கருவிக்குத் தெரியாமல் போகும். அதனால் சேட்டாவில் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட் கொண்ட குறியீடாக மாற்றி அனுப்புகிறார்கள். ஆகவே அங்கே 10 ஆல் வகுக்க வேண்டும். 600 மெகாபைட் என்பது சரியே. 5 கிகாபிட் யூஎஸ்பி 3.0 இணைப்பிலும் இதே முறை என்பதால், அதன் உச்சம் 500 மெகாபைட். பழைய தொடர் இணைப்புகளிலும் வேறு காரணத்தால் இதே கணக்கு வரும். அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னே ஒரு தொடக்கப் பிட்டும் பின்னே ஒரு முடிவுப் பிட்டும் சேர்வதால், 9,600 பிட் வேகத்தில் விநாடிக்கு 960 பைட் செல்லும். கணினிக்குள் விரிவாக்க அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறையில் 128 பிட்டுக்கு 2 பிட் மட்டுமே கூடுதல் என்பதால், இழப்பு மிகவும் குறைந்துவிட்டது.

கேள்வி: மோடம்களின் வேகத்தைச் சொல்லும்போது வரும் பாட் (baud) என்பதும் விநாடிக்கு ஒரு பிட் என்பதும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் அமைந்த அந்த அலகு, விநாடிக்கு எத்தனை முறை குறிகை மாறுகிறது என்பதைக் குறிக்கும். ஒரு மாற்றத்தில் பல பிட்டுகளை ஏற்றி அனுப்பலாம். 2,400 பிட் வேகமுடைய பழைய மோடம்களின் குறிகை விநாடிக்கு 600 முறையே மாறியது. ஒவ்வொரு மாற்றமும் 4 பிட்டுகளைச் சுமந்தது.