'தவறணை' என்றால் என்ன? 'தவறு' என்பதிலிருந்து வந்த சொல்லா?

இல்லை, தவறுக்கும் இதற்கும் உறவே கிடையாது. மதுக்கடையைக் குறிக்கும் 'தவெர்னா' என்ற போர்த்துக்கீசச் சொல்தான் ஈழத்தமிழில் தவறணையானது. போர்த்துக்கீசர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். கதிரை (நாற்காலி), அலுமாரி, சப்பாத்து (காலணி) எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. சிங்களத்தில் இதே சொல் 'தெபேரும' என்று வழங்குகிறது.

பொருள் மதுக்கடைதான். ஆனால் எங்கள் பக்கம் தவறணை என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது கள்ளு. கள்ளுத் தவறணை, சாராயத் தவறணை என்று பிரித்தும் சொல்வார்கள். மரமேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளி முட்டியில் (மண்பானையில்) இறக்கிய கள்ளைக் கொண்டுவந்து கொடுப்பார், அது அங்கே விற்பனையாகும். பழைய தவறணைகளில் கிளாஸ் கிடையாது. பனையோலையை மடித்துக் கட்டிய 'பிளா'வில்தான் ஊற்றுவார்கள். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். பிளா என்ற சொல்லும் இப்போது அருகி வருகிறது, அது எனக்குப் பெரிய வருத்தம்.

தமிழ்நாட்டில் 'கள்ளுக்கடை' என்பதே வழக்கு. அதனால் ஈழத்துக் கதைகளில் தவறணையைப் பார்த்தால் கள்ளுக்கடை என்றே வாசித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். 'அவர் தவறணையடியில நிக்கிறார்' என்றால், அந்தக் கடைப் பக்கம் நிற்கிறார் என்று அர்த்தம்.