நர்ஸ் பாட்டி பதில்கள்: துவைத்த நாப்பி ஏன் நாறுகிறது?

(குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாட்டி, வாசகிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

நாலு மாதக் குழந்தைக்குத் துணி நாப்பிதான் கட்டுகிறேன். சோப்புத்தூள், கிருமிநாசினி, கடைசியில் வாசனைக்குக் கண்டிஷனர் எல்லாம் ஊற்றி மெஷினில் துவைக்கிறேன். கொடியில் காயும்போது மணக்கிறது. பிள்ளை ஒருமுறை உச்சா போனதும் மூக்கைத் துளைக்கிறது. ஈரமும் கசிகிறது. "பேசாமல் கடை டயப்பரே போடு" என்கிறார் மாமியார். வீட்டில் போர்வெல் தண்ணீர்தான்.
– வாசகி, மேடவாக்கம்

இத்தனையும் ஊற்றினால் நாறத்தான் செய்யும், மகளே. துவைத்துக் காய்ந்த உள்துணி ஒன்றை எடுத்து, ஒரு வாளி வெந்நீரில் போட்டு, சோப்பே இல்லாமல் கையால் நன்றாகக் கலக்கிப் பாருங்கள். நுரை வந்தால் பழைய சோப்பு துணிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைச் சரியாக வேலை செய்ய விடாது. சோப்பும் உப்பும் அழுக்கும் நூலில் படிந்து போகும். அந்தப் படிவில் தங்கும் கிருமிகள் மூத்திரத்தில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. உங்கள் மூக்கைத் துளைப்பது அதுதான்.

கசிவுக்குக் காரணம் கண்டிஷனர். அது நூலின் மேல் மெழுகியதுபோலப் படியும். துணியில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்; உறிஞ்சாமல் உருண்டு நின்றால் புரிந்துவிடும். தேங்காய் எண்ணெயும் டயப்பர் கிரீமும் அதிகமாகத் தடவினாலும் இதே கதைதான்.

சரி, என்ன செய்வது? பருத்தி உள்துணிகளை மட்டும் நல்ல வெந்நீரில் கொஞ்சம் சலவைச் சோடா கரைத்து ஊறவிடுங்கள். அப்புறம் தண்ணீரில் நுரை அடங்கும் வரை அலசுங்கள். கை வலிக்கும், வேறு வழியில்லை. மேலே போடும் ஈரம் தாங்கும் கவரைக் கொதிநீரில் போடாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் படலம் பிரிந்துவிடும். இனிமேல் சோப்பை அளவாகப் போட்டு, அலசலைக் கூட்டுங்கள். கண்டிஷனரும் கிருமிநாசினியும் வேண்டாம், இரண்டுமே பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. ராத்திரி கட்டிய நாப்பியைக் காலையில் ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு அழுக்குக் கூடையில் போடுங்கள். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் கிடைத்தால் யோகம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிந்து வரும் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெளியூர் போகும்போது நானே கடை டயப்பர்தான் போடச் சொல்வேன்.

துணி வைப்ஸை நனைத்து டப்பாவில் அடைத்து வைக்கலாமா?
– இளம் தாய், தூத்துக்குடி

நம் ஊர் வெயிலுக்கு அது சாயங்காலத்துக்குள் புளித்த வாடை அடிக்கும். காய்ந்த துணியை அடுக்கி வைத்து, வேண்டும்போது வெறும் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். கடையில் வாங்க வேண்டியதே இல்லை. தாத்தாவின் பழைய வேட்டி போதும், உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி ஓரம் அடித்துவிடுங்கள். ஓரம் அடிக்காவிட்டால் நூல் பிரியும். அந்த நூல் பிள்ளையின் கால்விரலில் சுற்றி இறுக்கி, விரல் வீங்கி வார்டுக்கு வருவார்கள். காரணமில்லாமல் பிள்ளை வீறிட்டால் நாங்கள் முதலில் கால்விரலைத்தான் பார்ப்போம். பெண் குழந்தை என்றால் முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும்.

மூத்த பேரனின் நாப்பிகளைப் பாச்சை உருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஒரு தடவை துவைத்துக் கட்டலாமா?
– ஒரு பாட்டி, நாகர்கோவில்

கட்டாதீர்கள் அம்மா. பாச்சை உருண்டையில் நாப்தலீன் என்ற ரசாயனம் இருக்கலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். அவர்களுக்கு நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். உங்கள் பேரப்பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. பிறந்த குழந்தைக்குப் புது மல்துணி வாங்குங்கள். பெட்டியில் இருப்பதைப் பல தடவை துவைத்து, வாடை துளியும் இல்லாமல் போகும்வரை வெயிலில் போட்டுப் பிறகு பார்க்கலாம். அந்தப் பெட்டியில் உள்ள கம்பளிக்கும் இதே கதிதான். எந்தக் குழந்தைக்கானாலும் கண் மஞ்சளானாலோ மூத்திரம் கருத்துப் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் நாப்பி காயவே மாட்டேன் என்கிறது. தொடை இடுக்கில் சிவந்தும் இருக்கிறது.
– வாசகி, கடலூர்

மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டுங்கள். பருத்தித் துணியை இஸ்திரி போடலாம், கவரைக் கூடாது. மடிப்புக்குள் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். பவுடர் கொட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஈரமானதும் உடனே மாற்றி, கொஞ்ச நேரம் நாப்பியே இல்லாமல் காற்றாட விடுங்கள். படுக்கை நனைந்தால் நனையட்டும்.