குண்டு விழுந்துதான் கப்பல் பட்டறை நின்றதா?

"போர்க்காலத்தில் விமானங்கள் குண்டு போட்டபோது கப்பல் பட்டறைகளில் வேலை எப்படி நடந்தது? இயந்திரங்கள் அழிந்ததால்தான் அவை முடங்கினவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவின் தலைநகராக இருந்த ரங்கூன் கதை. அங்கே இயந்திரங்களுக்கு முன்னால் ஆட்கள்தான் இல்லாமல் போனார்கள்.

ரங்கூன் ஆற்றின் அக்கரையில் உள்ள டல்லா எங்கள் ஊர். தாத்தா அங்கே ஆற்றுக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ரிவெட் அடித்தவர். கடற்படைப் பட்டறை அல்ல. ஆனால் வேலையும் ஆபத்தும் ஒன்றுதான்.

ரிவெட் என்பது கப்பலின் இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணி. அந்த வேலைக்கு ஒரு கூட்டாளிப் படையே வேண்டும். உலையில் ஆணியைச் செக்கச்செவேலென்று காய்ச்ச ஒருவர், அதை இடுக்கியில் வாங்கித் துளையில் செருக ஒரு பையன், உள்ளிருந்து முட்டுக் கொடுக்க ஒருவர், வெளியே சம்மட்டியோடு இருவர். ஆணி ஆறுவதற்குள் தலையை அடித்து முடிக்க வேண்டும். நடுவில் அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். திரும்பி வரும்போது ஆணி பாதித் தலையோடு விறைத்து நிற்கும். அதை வெட்டியெடுத்து, துளையைச் சுத்தம் செய்து, புதிதாக அடிக்க வேண்டும். விமானம் ஒரு குண்டும் போடாமல் போனாலும் அந்த வேளை வேலை வீண். இரவில் அடிக்கலாம் என்றால் இருட்டடிப்பு. உலைத் தீ வானத்துக்குத் தெரியும். நதியில் நிற்கும் கப்பலாவது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நகர முடியும். கரையேற்றி அடிப்பக்கத் தகட்டைக் கழற்றிய கப்பல் எங்கே போகும்?

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் முதன்முறையாக ரங்கூனைத் தாக்கின. சத்தம் கேட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டுச் சிதறல்கள் அப்படி நின்றவர்களைத்தான் அள்ளிக்கொண்டு போயின. இறந்தவர்கள் 1,000-க்கும் மேல். கிறிஸ்துமஸ் அன்று மறுபடி வந்தார்கள்.

அதன்பிறகு துறைமுகக் கூலிகள் காணாமல் போனார்கள். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் தெலுங்கர்களே அதிகம், தமிழரும் ஒரியரும் உண்டு. இவர்கள் கோழைகள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். 1930 மே மாதம் துறைமுக வேலைநிறுத்தத்தை ஒட்டி நடந்த கலவரத்தில் இந்தியத் தொழிலாளர்கள் வெட்டுப்பட்டு இறந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். போலீஸ் இல்லாத ஊரில் மறுபடி என்ன நடக்கும் என்ற பயம் குண்டுப் பயத்துக்குக் குறைந்ததல்ல. கூடவே கஞ்சிக் கடைக்காரரும் துப்புரவாளரும் கிளம்பிவிட்டார்கள். சோறு கிடைக்காத இடத்தில் எந்தச் சம்மட்டிக்காரர் நிற்பார்?

1942 பிப்ரவரி 21 அன்று பிரிட்டிஷ் 7-வது கவசப் படைப்பிரிவு டாங்கிகளோடு வந்து சேர்ந்தபோது இறக்கிவைக்க ஆள் இல்லை. சிப்பாய்களே இறக்கிக்கொண்டார்கள். மார்ச் 7 அன்று ரங்கூனுக்கு அருகிலுள்ள சிரியம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைப் பிரிட்டிஷாரே வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறுநாள் ஜப்பானியர் நகருக்குள் வந்துவிட்டார்கள். ஐராவதி நதிக் கப்பல்கள் பலவற்றையும், எதிரி கைக்குப் போகக்கூடாதென்று, அவற்றை ஓட்டியவர்களே மூழ்கடித்தார்கள்.

தாத்தா அதற்கு முன்பே வடக்கே புரோம் நகருக்குப் போய், தவுங்கப் மலைப்பாதையில் நடந்து பர்மாவின் மேற்கிலுள்ள அரக்கான் கடற்கரைக்குச் சேர்ந்துவிட்டார். போர் முடிந்து டல்லாவுக்குத் திரும்பியும் அவருக்கு ஒரு கணக்கு மட்டும் தீரவில்லை. ரிவெட் எண்ணிக் கூலி கொடுக்கும் காலம் அது. கடைசி நாள் அடித்தவை நாற்பத்தொன்று, சங்கு ஊதியதால் பாதியில் நின்றவை மூன்று. எண்ணி எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு மேஸ்திரி எந்தப் பாதையில் போனார் என்று யாருக்கும் தெரியாது. "அந்த மூன்றை விட்டுவிடலாம், நாற்பத்தொன்றுக்காவது கொடுத்திருக்கலாம்" என்பார் தாத்தா.